முதலில் சாப்பிடுங்கள்

மெட்ராஸுக்கு மூன்று மாதம் போகிறேன் என்றதும் ராட்டர்டாம் அலுவலகத்தில் யாருக்கும் பொறாமை வரவில்லை. பம்பாய் என்றால் கேள்வி கேட்டிருப்பார்கள். டெல்லி என்றால் தாஜ்மஹால் படம் எடுத்து வரச் சொல்லியிருப்பார்கள். மெட்ராஸா, அங்கே என்ன இருக்கிறது என்றான் பக்கத்து மேஜைக்காரன். நான் மயிலாப்பூரிலேயே பிறந்து வளர்ந்தவன். கடல் இருக்கிறது, காபி நன்றாக இருக்கும் என்று ஏதோ சொல்லிவைத்தேன். இன்று யாராவது கேட்டால் தி. நகர் ஓட்டல் ஒன்றில் டெலிபோன் போர்டில் உட்கார்ந்திருந்த ஜலஜாவைப் பற்றிச் சொல்வேன். கேட்ட பிறகு அந்த ஊருக்குப் போக அவர்களுக்கு ஆசை வருமா என்று தெரியாது.

1994ஆம் வருஷம். தீபாவளிக்குச் சற்று முன்னால்தான் ஒரு புயல் கரையைக் கடந்திருந்தது. விழுந்த மரங்களை அறுத்து ஓரமாக அடுக்கியிருந்தார்கள். வெட்டின மரத்தின் வாசனையும் தேங்கின தண்ணீரின் வாசனையும் கலந்து பனகல் பார்க்கைச் சுற்றி நின்றிருந்தது. கிண்டி தொழிற்பேட்டையில் எங்கள் கம்பெனி விற்ற இயந்திரங்களைப் பொருத்திக் கொடுப்பது என் வேலை. தங்கியது பனகல் பார்க் பக்கத்தில், ஊருக்கு நடுவில், மூன்று மாடி சைவ ஓட்டல்.

இதில் என் சித்தப்பா வேதாந்தத்துக்குப் பெரிய மனத்தாங்கல். கபாலீஸ்வரர் கோயில் குளத்துக்கு இரண்டு தெரு தள்ளி வீடு. போய்ப் பார்த்த அன்றே உட்காரக்கூட விடாமல் ஆரம்பித்துவிட்டார். "ஏண்டா, மாடி ரூம் சும்மா பூட்டிக் கெடக்கு. நீ ஓட்டல்ல போய்ப் படுத்துண்டா பாக்கறவா என்னடா நெனச்சுப்பா? சித்தப்பனும் சித்தியும் சோறு போடலேன்னுதானே?"

நான் போனைக் காட்டினேன். புயலில் செத்த போன் அது, இன்னும் உயிர் வரவில்லை. ராட்டர்டாமில் என் மனைவிக்கு நாலாவது மாதம். ஏற்கெனவே ஒரு முறை கலைந்திருந்தது. போன் இல்லாத வீட்டில் எனக்குத் தூக்கம் வராது. சித்தப்பா ரிசீவரைத் தூக்கிக் காதில் வைத்துப் பார்த்துவிட்டு வைத்தார். சித்திதான், வெள்ளிக்கிழமையாவது ஆத்துக்கு வந்து சாப்பிட்டுவிட்டுப் போ என்றாள்.

ஓட்டலில் அறையிலிருந்து நேராக வெளியூருக்குப் பேச முடியாது. எல்லா அழைப்பும் ஜலஜாவின் கை வழியாகத்தான் வரும், போகும். மாடிப்படிக்கு அடியில் பிளைவுட் தடுப்பு, முன்னால் ஒரு கண்ணாடி, உள்ளே போர்டு. ஐம்பதை நெருங்கும் வயது. வைர மூக்குத்தி, கஞ்சி போட்ட காட்டன் புடவை, தலையில் மாட்டின ஹெட்செட்டின் வளையத்தில் நசுங்கிய கனகாம்பரம். யாரிடமும் குரலை உயர்த்த மாட்டார். சித்தப்பா வீட்டுத் தமிழேதான் அவருடையதும். "செத்த இருங்கோ, லைன் தரேன்" என்று அவர் சொன்னால் ஏதோ உறவுக்காரப் பெண் நம் விஷயத்தைக் கவனித்துக்கொண்ட மாதிரி இருக்கும்.

சாப்பாட்டு ஹாலில் எனக்குப் பரிமாறுகிறவன் தேசிங்கு. ஐஸ் ஹவுஸ் பக்கத்துக்காரன், வாய் சும்மா இருக்காது. நான் போன் மணி கேட்டால் துள்ளுவதைப் பார்த்துவிட்டு, சாம்பார் வாளியோடு குனிந்து காதருகில் சொன்னான்:

"சார், ஒண்ணு சொல்றேன், மன்சுல வெச்சிக்க. போர்டு அம்மா உன்னாண்ட இன்னா கேட்டாலும் பயமில்ல. சாப்ட்டியான்னு மட்டும் கேட்டுதுன்னு வெச்சிக்க, எங்கியோ இன்னாவோ ஆயிக்கீதுன்னு அர்த்தம்."

வேடிக்கை பண்ணுகிறான் என்று நினைத்தேன். இல்லை என்று அவனே விளக்கினான். வெளியூரிலிருந்து தங்க வருகிறவர்களுக்குச் சாவுச் செய்தி வந்தால் ஜலஜா அதை அறைக்குச் சொல்ல மாட்டார். முதலில் ஆளைக் கூப்பிட்டுச் சாப்பிட்டாயிற்றா என்று கேட்பார். இல்லை என்றால் ஹாலுக்கு அனுப்புவார். தேசிங்குக்குக் கண் ஜாடை வரும். அவனும் கேட்காமலே நெய் ஊற்றுவான், அப்பளம் வைப்பான். கை கழுவிவிட்டு வந்த பிறகுதான் செய்தி. ஈரோட்டு ஜவுளிக்காரர் ஒருவர், செகந்திராபாத்திலிருந்து மகள் கல்யாணத்துக்குப் புடவை எடுக்க வந்த ஒருவர் என்று அவனிடம் நாலைந்து கதை இருந்தது. செகந்திராபாத்காரர் காரியமெல்லாம் முடிந்து திரும்பி வந்து ஜலஜாவைக் கையெடுத்துக் கும்பிட்டாராம். இரண்டு நாள் பச்சைத் தண்ணீர் இல்லாமல் இருந்தேன், நீங்கள் போட்ட சோறுதான் என்னை நிற்க வைத்தது என்றாராம்.

எங்கள் வீடுகளிலும் உள்ள வழக்கம் என்பதால் இது எனக்குப் புரிகிற விஷயம். செய்தி காதில் விழுந்துவிட்டால், உடலை எடுத்துக் காரியம் ஆகும்வரை வாயில் ஒன்றும் போடக்கூடாது. காதில் விழாத வரைக்கும் சாப்பிடலாம். ஜலஜாவுக்கு அது வெறும் சாஸ்திரம் இல்லை என்பதை ஒரு நாள் ராட்டர்டாம் லைனுக்காகக் காத்திருந்தபோது அவரே சொன்னார். அவருடைய அப்பா டெல்லியில் அண்ணன் வீட்டில் இருந்தபோது போய்விட்டார். தந்தியில் 'சீரியஸ்' என்றுதான் இருந்தது. அதை வாங்கிப் படித்துக் காட்டின பக்கத்துப் போர்ஷன்காரர், மனசில் ஒன்றும் நிற்காத மனுஷர், "இதுக்கு என்ன அர்த்தம்னு தெரியாதா மாமி, போயிட்டார்" என்று உடைத்துவிட்டார். அம்மாவும் பெண்ணும் அப்படியே ரயில் ஏறினார்கள். டெல்லி வரைக்கும் அம்மா தண்ணீர்கூடத் தொடவில்லை. இறங்கும்போது நடக்க முடியவில்லை. அதற்குப் பிறகு அவள் சரியாக எழுந்து நடமாடவே இல்லை. அவளைப் பார்த்துக்கொள்வதில் ஜலஜாவின் கல்யாண வயது போயிற்று. கடைசியில் அம்மாவும் போனாள்.

"அந்த மனுஷர் ஒரு வாய் சாப்பிட விட்டுட்டு சொல்லியிருக்கலாம்" என்றார் ஜலஜா. அவ்வளவுதான். உடனே போர்டில் விளக்கு எரிந்தது, திரும்பிக்கொண்டார்.

ஷரஃபுதீன் எனக்கு எதிர் அறை. ஆம்பூர்க்காரர். ஷூவுக்கு மேல்தோல் தைத்து வெளிநாட்டுக்கு அனுப்பும் தொழில். மாதம் ஒரு தடவை இரண்டு அட்டைப்பெட்டி சாம்பிளோடு வருவார், வாங்குகிற கம்பெனி ஆளைப் பார்ப்பார், போவார். இந்தத் தடவை அந்த ஆள் சிங்கப்பூரிலிருந்து வராமல் இன்று நாளை என்று இழுத்துக்கொண்டிருந்தான். சாப்பாட்டில் ஒரே மேஜையில் உட்காருவோம்.

"ஆம்பூர்ல பொறந்தவன் இங்க உக்காந்து கத்திரிக்காயைப் பாத்து பெருமூச்சு விடறேன். எங்கம்மா பாத்தாங்கன்னா அழுதுடுவாங்க" என்பார்.

அம்மா அன்வரி பேகத்துக்கு உடம்பு சரியில்லாமல் இருந்தது. மூச்சுத் திணறல், சுகர், எல்லாம். தம்பி வாஜித் பக்கத்தில் இருக்கிறான் என்ற தைரியத்தில்தான் கிளம்பி வந்திருந்தார். வந்த அன்றே கண்ணாடிக்கு முன்னால் குனிந்து ஜலஜாவிடம் சொன்னதை நான் கேட்டேன். "மேடம், அம்மாவுக்கு ஒடம்பு முடியல. வீட்லேர்ந்து போன் வந்துச்சுன்னா நான் எங்க இருந்தாலும் சொல்லி அனுப்புங்க. தூங்கினாலும் எழுப்பிடுங்க." ஜலஜா தலையாட்டினார்.

அந்த நாள் காலையிலிருந்தே வானம் மூடிக்கொண்டு இருந்தது. கிண்டியில் மறுபடி தண்ணீர் ஏறிவிட்டது, வரவேண்டாம் என்று சொல்லியிருந்தார்கள். தெருவில் கரண்ட் இல்லை. ஓட்டல் ஜெனரேட்டரின் சத்தம் தரை வழியாகக் காலுக்கு வந்துகொண்டிருந்தது. பகலிலேயே வரவேற்பில் விளக்குப் போட்டிருந்தார்கள். நான் சோபாவில் மனைவிக்குப் பதிவு செய்த அழைப்புக்காகக் காத்திருந்தேன்.

போர்டில் ஒரு விளக்கு. ஜலஜா எடுத்தார். கண்ணாடி வழியாக எனக்கு முகம் மட்டும் தெரிந்தது. கேட்டுக்கொண்டே இருந்தார். கை மெல்ல மூக்குத்திக்குப் போயிற்று. "சரி... சரிங்கோ... சொல்லிடறேன்" என்றார். வைத்தார். வைத்த பிறகு ஹெட்செட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.  என்னைத்தான் பார்க்கப்போகிறார் என்று நினைத்தேன்.

படியில் செருப்புச் சத்தம். ஷரஃபுதீன் இறங்கி வந்தார், புதுச் சட்டை, அத்தர் வாசனை. சிங்கப்பூர் ஆள் ஒருவழியாக வந்துவிட்டானாம், சாயங்காலம் சந்திப்பு.

ஜலஜா எழுந்து வெளியே வந்தார். அவர் எழுந்து வந்து பேசி நான் பார்த்ததில்லை.

"சாப்ட்டாச்சா?" என்றார்.

ஷரஃபுதீன் சிரித்தார். "எங்க மேடம், நாஷ்டாவே இப்பதான் எறங்குச்சு."

"மழை வரப்போறது. ஹால்ல கூட்டம் ஏறிடும். மொதல்ல சாப்ட்டு வந்துடுங்கோ."

ஹால் வாசலில் தேசிங்கு நின்றிருந்தான். ஜலஜா அவனைப் பார்த்தார். அவன் தோள் துண்டால் ஒரு மேஜையைத் துடைத்தான்.

நானும் போய் எதிரில் உட்கார்ந்தேன். எழுந்து போகவும் முடியவில்லை, சாப்பிடவும் முடியவில்லை. அன்வரி பேகம் போய்விட்டார், இந்த மனுஷருக்கு அது இன்னும் தெரியாது, தெரிவதற்குள் நாலு வாய் உள்ளே போகட்டும் என்றுதான் நானும் நினைத்துக்கொண்டிருந்தேன். இலையில் நெய் விழுந்தது. அப்பளம் இரண்டாக வந்தது. ஷரஃபுதீன் நிமிர்ந்து, "என்னப்பா தேசிங்கு, இன்னைக்கு மாப்பிள்ளை விருந்தா இருக்கு" என்றார். தேசிங்கு எப்போதும் திருப்பிக் கொடுப்பவன், அன்று "துன்னு சாமி" என்று மட்டும் சொல்லிவிட்டு நகர்ந்தான்.

ஷரஃபுதீன் நிதானமாகச் சாப்பிட்டார். ரசம் நன்றாக இருக்கிறது என்றார். சிங்கப்பூர்க்காரன் ஆர்டர் கொடுத்தால் தம்பி வாஜிதுக்குக் கல்யாணம் முடித்துவிடலாம், அம்மாவுக்கு அது ஒன்றுதான் பாக்கி ஆசை என்றார். மோர் வந்தது. குடித்தார். மழை அடிக்க ஆரம்பித்திருந்தது. ஜன்னல் கம்பியில் ஒரு காக்கை ஒதுங்கி உள்ளே பார்த்துக்கொண்டிருந்தது. இன்னொரு தடவை மோர் கேட்டார். அதையும் ஆற அமரக் குடித்தார். வெளியே வந்து பீடா போட்டுக்கொண்டார்.

பிறகு ஜலஜா சொன்னார். வீட்டிலிருந்து போன் வந்தது, அம்மாவுக்கு சீரியஸாம், உடனே வரச் சொன்னார்கள் என்றார். எப்போது வந்தது என்று அவர் கேட்டார். இப்போதுதான் என்றார் ஜலஜா.

ஷரஃபுதீன் மேலே போகவில்லை. பெட்டிகளை எடுக்கவில்லை. வாயிலிருந்த பீடாவை வாசலில் துப்பிவிட்டு அப்படியே மழையில் ஓடி ஆட்டோவைப் பிடித்தார்.

மறுநாள் காலை வாஜித் போன் செய்தான். அண்ணன் அறையைக் காலி செய்துவிடுங்கள், சாம்பிள் பெட்டிகள் மட்டும் பத்திரம் என்று சொல்வதற்காக. அம்மா தவறிவிட்டார் என்றும் சொன்னான். எப்போது என்று ஜலஜா கேட்டிருக்கிறார். நேற்று மஃரிபுக்குக் கொஞ்சம் முன்னால் என்றிருக்கிறான். அதாவது சாயங்காலம். மத்தியானம் தான் போன் செய்தபோது அம்மா நினைவோடு பேசிக்கொண்டிருந்தார்கள், பெரியவன் கிளம்பிட்டானா என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள். அண்ணன் மத்தியான ரயிலை விட்டுவிட்டு, பாரிமுனை போய் பஸ் பிடித்து, மழையில் அது எங்கோ நின்று, வந்து சேர்ந்தபோது உடலைக் குளிப்பாட்டி முடித்திருந்தார்களாம்.

இதை ஜலஜா என்னிடம் சொன்னபோது குரல் அப்படியேதான் இருந்தது. கைதான் போர்டின் விளிம்பைத் தடவிக்கொண்டிருந்தது.

"உங்காத்துக்கு சீரியஸ்னு ஒரு போன் வந்தா நீங்க என்னன்னு எடுத்துப்பேள்?" என்று கேட்டார்.

முடிந்துவிட்டது என்றுதான் எடுத்துக்கொள்வேன் என்றேன். உண்மைதான். எங்கள் வீடுகளில் யாரும் தூரத்தில் இருப்பவனிடம் செத்துப்போனார் என்று சொல்வதில்லை. சீரியஸ் என்பார்கள், கிளம்பி வா என்பார்கள், வருகிறவனும் தெரிந்துகொண்டே தெரியாதவன் மாதிரி வருவான்.

"நானும் அப்படித்தான்" என்றார். பிறகு, "அன்னைக்குப் பேசின அந்தப் பிள்ளை என்கிட்ட இருக்கறதை இருக்கறபடிதான் சொல்லியிருக்கு" என்றார்.

இரண்டு அட்டைப்பெட்டிகளையும் மானேஜர் சுப்பராமன் ஸ்டோர் ரூமில் போடச் சொன்னார். ஜலஜா வேண்டாம் என்று தன் தடுப்புக்குப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டார். அவற்றை எடுக்க ஷரஃபுதீன் வருவார். எடுக்க வருகிறவருக்கு, போன் எப்போது வந்தது என்பது இதற்குள் தம்பி மூலமாகத் தெரிந்திருக்கும். 'இப்போதுதான்' என்று ஜலஜா சொன்னது பொய் என்பதும் தெரிந்திருக்கும். மழைக்கால ஈரத்தில் பெட்டிகளிலிருந்து தோல் வாசனை கிளம்பி வரவேற்பு முழுக்கப் பரவியது. வருகிறவர்கள் மூக்கைச் சுளித்தார்கள். ஜலஜா அதன் பக்கத்திலேயே உட்கார்ந்து லைன் கொடுத்துக்கொண்டிருந்தார். ஒருவருக்கு வந்த அழைப்பை இன்னொருவருக்குக் கொடுத்தார். கண்ணாடிக் கதவு திறந்தால் நிமிர்ந்து பார்த்தார். யாரையும் சாப்பிட்டாயிற்றா என்று கேட்பதை நிறுத்திவிட்டார். தேசிங்கு என்னிடம், "பாய் வந்து நாலு அறை உட்டாருன்னாக்கூட அதுக்கு நிம்மதியாயிடும் சார். இப்டி வராம கீறாரு பாரு, அதான் தாங்கல" என்றான்.

அவர் வந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை முற்பகல். மெலிந்திருந்தார். தொப்பி வைத்திருந்தார், தாடி விட்டிருந்தார். சுப்பராமன் ஓடிப்போய்த் துக்கம் விசாரித்தார். தலையசைத்துவிட்டு நேராகப் போர்டுக்கு எதிர் சோபாவில் உட்கார்ந்தார். பெட்டிகளைப் பார்த்தார். பிறகு ஜலஜாவைப் பார்த்தார். 

விளக்குகள் எரிந்துகொண்டே இருந்தன. ஜலஜா எடுத்தார், கொடுத்தார், எடுத்தார். எனக்குப் போய்விடலாம் போல இருந்தது. என் ராட்டர்டாம் லைன் இன்னும் வரவில்லை. சாப்பாட்டு வேளை வந்தது. ஹாலுக்குள் ஆட்கள் போக ஆரம்பித்தார்கள். போர்டைப் பார்த்துக்கொள்ள மாற்றுப் பெண் வந்தாள். ஜலஜா ஹெட்செட்டைக் கழற்றினார். வெளியே வந்து அவர் எதிரில் நின்றார்.

ஷரஃபுதீன் நிமிர்ந்தார். கோபமாகத் தெரியவில்லை. ரொம்ப மரியாதையாகச் சொன்னார்.

"நீங்க மொதல்ல சாப்பிட்டு வாங்க, மேடம். அப்புறம் பேசலாம்."

 ஜலஜா டிபன் டப்பாவை எடுத்துக்கொண்டு பின்னாலிருந்த சின்ன அறைக்குப் போனார். உடனே திரும்பி வந்துவிடுவார் என்று நினைத்தேன். வரவில்லை. உள்ளே ஸ்பூன் டப்பாவில் உராயும் சத்தம் கேட்டது. பிறகு குழாய்ச் சத்தம். பல நாள் கழித்து அதைப் பற்றிச் சொன்னார்: "தயிர்சாதம்தான். தொண்டையில எறங்கலை. ஆனா மிச்சம் வைக்கத் தோணலை. முழுக்க சாப்ட்டாத்தானே அவர் சொல்லுவார்?"

கையைத் துடைத்துக்கொண்டே வந்து நின்றார்.

"அன்னைக்கு போன் எப்ப வந்துச்சு?" என்றார் ஷரஃபுதீன்.

"நீங்க மாடியிலேர்ந்து எறங்கறதுக்கு முன்னாடி."

"அப்பவே சொல்லியிருந்தா ரயிலைப் புடிச்சிருப்பேன்."

"பிடிச்சிருப்பேள்."

"தூங்கினாலும் எழுப்புங்கன்னு சொல்லியிருந்தேனே."

ஜலஜா தான் நினைத்ததைச் சொன்னார். போய்விட்டார் என்று நினைத்ததை. வெறும் வயிற்றோடு அனுப்பக் கூடாது என்று நினைத்ததை. டெல்லி ரயிலைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதைச் சொல்லியிருந்தால் அவருக்குப் புரிந்திருக்கலாம் என்று எனக்குத் தோன்றியது. ஜலஜா அதை ஒரு சாக்காக நீட்ட விரும்பவில்லை போல.

ஷரஃபுதீன் கேட்டுக்கொண்டார். "எங்க வீட்ல உசுரு போயிடுச்சுன்னா மவுத்துன்னு சொல்லிடுவாங்க, மேடம். சீரியஸ்னா ஓடி வான்னு அர்த்தம்" என்றார். தன் உள்ளங்கையைப் பார்த்தார். "நீங்க செஞ்சதை மறந்துடுவேன். அன்னைக்கு நான் ரெண்டாவது தடவை மோர் கேட்டேன் பாருங்க. அதைத்தான் மறக்க முடியல."

அத்தோடு எழுந்து சுப்பராமனிடம் போய் அதே அறையின் சாவியைக் கேட்டார். பெட்டிகளைத் தானே மேலே தூக்கிக்கொண்டு போனார்.

திரும்பவும் மாதாமாதம் வந்தார். அதே அறை. ஆனால் அந்த ஓட்டலில் ஒரு டம்ளர் காபிகூடக் குடிக்கவில்லை. மத்தியானமானால் படி இறங்கி, போர்டைக் கடந்து, தெருவைத் தாண்டி எதிர்ப்பக்க மெஸ்ஸுக்குப் போவார். ஜலஜாவின் கண்ணாடியிலிருந்து பார்த்தால் அவர் போவதும், சாப்பிட்டுவிட்டுத் திரும்பி வருவதும் தெரியும். வேறு ஓட்டலுக்கு ஏன் போகவில்லை என்று தேசிங்குக்கு ஆச்சரியம். எனக்குக் காரணம் தெரியவில்லை. பயமாகத்தான் இருந்தது.

நான் கிளம்பவேண்டிய வாரம். இலையில் அப்போதுதான் சாதம் விழுந்திருந்தது. ஹால் வாசலுக்கு ஜலஜாவே வந்து நின்றார். ஷரஃபுதீன் தெருவைத் தாண்டுவதற்காக அவருக்குப் பின்னால் வெளிக்கதவில் நின்றிருந்தார், நகரவில்லை.

"ராட்டர்டாம். ஆஸ்பத்திரிலேர்ந்து. வலி கண்டு சேத்திருக்காளாம், சீரியஸ்னு சொல்றா. லைன்ல இருக்கா, வாங்கோ" என்றார் ஜலஜா. ஒரே மூச்சில்.

பிசைந்த கையோடு ஓடினேன். குழந்தை பிறந்துவிட்டது, மிகவும் முன்னால். மனைவி கண் விழித்திருக்கிறாள். குழந்தையைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்திருக்கிறார்கள். இப்போது ஒன்றும் சொல்வதற்கில்லை என்றாள் நர்ஸ். ரிசீவரில் சாதம் ஒட்டியிருந்தது.

வைத்துவிட்டுத் திரும்பினேன். ஷரஃபுதீன் அங்கேயே நின்றிருந்தார். ஜலஜா ராத்திரி விமானத்துக்கு இடம் கேட்டு ஏற்கெனவே ஒரு லைனில் காத்துக்கொண்டிருந்தார். அந்தப் பக்கம் யாரோ இருங்கள் என்று சொல்லியிருக்க வேண்டும். கண்ணாடி வழியாக என் கையைப் பார்த்தார், உலர ஆரம்பித்த சாதத்தை. அவர் உதடு பிரிந்தது. ஏதோ கேட்கப் போனார்.

கேட்கவில்லை.